மூன்றாம் ஓலை

பிரிக்பீல்ட்ஸ்,
மலாயா, 16 ஆகஸ்டு 1926, திங்கள்

தம்பி பரமானந்தத்துக்கு அக்கா ஞானதீபம் எழுதுவது. நானும் உன் அத்தானும் ஆண்டவர் கிருபையில் சுகம். உன் சுகம் தெரியவில்லை. கிள்ளானுக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து இருபது மைல் உனக்கு இருநூறு மைலாகிவிட்டது. ரயில்வே பாஸ் கையில் இருந்து என்ன, வர மனசு இருந்தால்தானே.

சங்கதிக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நேற்றுக் கோவிலில் ஆசீர்வாதம் ஃபிட்டர் மகள் சுகிர்தத்துக்கும் கேரித் தீவு எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் தங்கையாவுக்கும் மூன்றாவது கலியாண ஓலை வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் உபதேசியார் என்ற முறையில் உன் அத்தான்தான் கணீரென்று வாசித்தார்கள். 'இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்' என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஞாயிறு காணிக்கைப் பையைக் கொட்டினால் உள்ளே ஒரு மடித்த காகிதம். பெயர் கிடையாது, 'நாசரேத்து ஊரான் ஒருவன்' என்று மட்டும் போட்டிருந்தது. தங்கையாவுக்குத் தன் சொந்த ஊரான அந்த நாசரேத்தில் ஏற்கெனவே தாலி கட்டின பெண்சாதி இருக்கிறாளாம்.

போதகர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினான். நாசரேத்துக்கு எழுதிப் பதில் வரும்வரை ஓலையும் கிடையாது, கோவிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனமும் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆசீர்வாதத்துக்கு அதுவரை பொறுமை இல்லை. "ரெண்டு ஓலையோட நின்ன பொண்ணுன்னு ஊரு பேசும், எனக்கு இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று முறித்துக்கொண்டார்.

இந்த வாரமே அவர் கிள்ளானுக்கு வந்து உன்னைப் பார்ப்பார். யார் சொல்லி வருகிறார் என்று கேட்காதே. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, நீ பாட்டுக்கு விழிக்காதே. சரி என்று ஒரு சொல் சொல்லு. உன் மனசு எனக்குத் தெரியாதா? நீ இங்கே ஆர்மோனியம் வாசித்த காலத்தில் கட்டை தவறினதெல்லாம் சுகிர்தம் முன்வரிசையில் நின்று பாடின நாட்களில்தான்.

அக்கா

---

கிள்ளான்,
21 ஆகஸ்டு 1926

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசீர்வாதம் ஐயா வியாழக்கிழமை வந்தார். நான் கூட்ஸ் ஷெட்டில் ரப்பர்ப் பெட்டிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. எம் பொண்ணைக் கட்டிக்கிறியா?" என்றார். அக்கா, நான் யோசிக்கிறவன்போல ஒரு நிமிஷம் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வாய் சரி என்றுவிட்டது. அவர் போன பிறகு இருபது பெட்டிக்குத் தப்பு நம்பர் போட்டேன், கங்காணி தம்புசாமி எல்லாவற்றையும் மறுபடி புரட்டி வைத்தான்.

இரண்டு வருஷமாக நான் கேட்ட ஒரே ஜெபம் இதுதான் என்று உனக்குத் தெரியும். கேட்டது கிடைத்தவன் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நின்றேன். சொல் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆசீர்வாதம் ஐயா அந்த மொட்டைக் கடிதத்தைத் தம் கையால் நகல் எடுத்து வைத்திருக்கிறார், என்னிடம் காட்டினார். அதில் ஒரு வரி: 'பராபரன் சாட்சியாகச் சொல்லுகிறேன்.' அக்கா, நாசரேத்துக்காரன் எவனாவது பராபரன் என்று எழுதுவானா? அவர்கள் தேவன் என்பார்கள், கர்த்தர் என்பார்கள். பழைய வேதப் புத்தகத்தை விடமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த தரங்கம்பாடிச் சபையார் வாயில் வருகிற சொல் அது. பிரிக்பீல்ட்ஸ் சபையில் தரங்கம்பாடிக் குடும்பம் நம்முடையது ஒன்றுதான்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்று உடனே எழுது.

பரமானந்தம்

---

பிரிக்பீல்ட்ஸ்,
25 ஆகஸ்டு 1926

தம்பி,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் பாதியைப் படித்து அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே! நாசரேத்துக்காரன் எவனாவது தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்த்திருக்கக்கூடாதா? அங்கே ஒட்டிக்கொண்ட சொல்லாக இருக்கக்கூடாதா? கலியாண மாப்பிள்ளை போலீஸ் வேலை பார்க்காதே.

இவ்வளவும் எழுதிப் பேனாவை வைத்துவிட்டேன். இது மறுநாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது, அதுவும் உன்னிடம். நான்தான் எழுதினேன். இடது கையால் எழுதினேன். எழுத்தை மாற்றத் தெரிந்தவளுக்குச் சொல்லை மாற்றத் தெரியவில்லை.

ஜூலை மாதம் நீ வந்திருந்தபோது சுகிர்தத்துக்குச் சம்பந்தம் கூடிவிட்டது என்று சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டிலேயே கை கழுவினாய், பிறகு அதே தட்டில் சோறு போடு என்று நீட்டினாய். என்ன செய்கிறோம் என்றே உனக்குத் தெரியவில்லை. ஆறு வயதில் உன்னை என் இடுப்பில் போட்டுவிட்டு அம்மா போனாள். எனக்குப் பிள்ளை இல்லை, நீதான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

தங்கையா ஆண்பிள்ளை, கை நிறையச் சம்பளம் வருகிறது. அவனுக்கு வேறு பெண் கிடைக்கும். நான் பொய் சொன்னது பாவம். அது எனக்கும் பராபரனுக்கும் உள்ள பேச்சு. நீ கேட்டதை அவர் கொடுத்துவிட்டார், என் கோணல் கையால் கொடுத்தார். வாங்கிக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

ஞானதீபம்

---

கிள்ளான்,
30 ஆகஸ்டு 1926

அக்கா,

கிழிக்கவில்லை.

உபதேசியார் பெண்சாதி நீ. வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்துகிறவள். அதே கையால் பொய்ச் சாட்சி எழுதி, அதைக் காணிக்கைப் பையில் போட்டிருக்கிறாய். அதிலும் பராபரனைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். ஒரு நிரபராதியை இராப்போஜனப் பந்தியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். இதை 'எனக்கும் பராபரனுக்கும் உள்ள பேச்சு' என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? பராபரனிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளத் தங்கையா என்ன பாவம் செய்தான்?

மனந்திரும்புதல் என்பது கண்ணீர் விட்டு முகம் கழுவிக்கொள்வது இல்லை. போதகரிடம் போய்ச் சொல். நீ சொல்லும்வரை நான் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்.

பரமானந்தம்

---

பிரிக்பீல்ட்ஸ்,
7 செப்டம்பர் 1926

கிள்ளான் உபதேசியார் அவர்களுக்கு,

வீட்டில் ஒரு உபதேசியார் இருப்பது போதாது என்று பராபரன் எனக்கு இன்னொருவரையும் கொடுத்திருக்கிறார். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாம் நியாயம். ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் ஒரு வரி குறைகிறது, அதைத்தான் தேடினேன்.

ஆசீர்வாதத்திடம் நீ சொன்ன 'சரி'யைத் திரும்ப வாங்கினாயா?

வாங்கவில்லை. போன ஞாயிறு கோவில் வாசலில் அவர் என்னைப் பார்த்து, "ஒங்க தம்பி தங்கமான புள்ளமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நவம்பரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அக்காவைக் குப்புறத் தள்ளி மனந்திரும்பச் சொல்கிற தம்பி, அக்கா திருடிக் கொடுத்ததை மட்டும் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறான். ஊருக்குத்தான் உபதேசமா?

நான் போதகரிடம் போனால் என்ன ஆகும் என்று சொல்லட்டுமா? உன் அத்தானுக்குச் சபையில் வேலை போகும். சபை கொடுத்த வீடு போகும். முப்பது வருஷம் ஒரு மனுஷனிடமும் கடிந்து பேசாத மனுஷர், அவர்களுக்கு இந்தச் சங்கதி ஒரு எழுத்தும் தெரியாது. பிறகு உன் கலியாணமும் போகும். உன் கடிதத்தில் இந்தப் பேச்சே இல்லை. நான் பாவத்தை அறிக்கை பண்ண வேண்டும், நீ பெண்ணைக் கட்ட வேண்டும், இரண்டும் ஒரே மாதத்தில் நடக்க வேண்டுமா?

உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள். பிறகு எனக்குப் புத்தி சொல்.

உன் திருடி அக்கா

---

கிள்ளான்,
27 செப்டம்பர் 1926

அக்கா,

இருபது நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். நீ எழுதினது சரி. எனக்கு அவள் வேண்டும். நீ மனந்திரும்பினாலும் வேண்டும், திரும்பாவிட்டாலும் வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவே கூசுகிறது.

ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. வேலை முடிந்தால் பாசாருக்குப் போகிறேன், எதுவும் வாங்காமல் திரும்புகிறேன். பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போகிறேன், ஏன் வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். ஜெபத்தில், 'ஆண்டவரே, உம்முடைய சித்தம்' என்று சொல்லுகிறேன். சொல்லிவிட்டு, அவர் சித்தம் சுகிர்தமாகத்தான் இருக்கும் என்று நானே முடித்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் லீவு போட்டுவிட்டுக் கேரித் தீவுக்குப் போனேன். ஒரு மலாய்க்காரர் சம்பானில் அக்கரை சேர்த்தார். தங்கையாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஆஸ்பத்திரி என்பது தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டகை. வாசலில் பால்மரம் வெட்டுகிற ஆட்கள் முப்பது பேர் காய்ச்சலில் குந்தியிருந்தார்கள். அவர் ஒவ்வொருவர் வாயிலும் கொயினாத் தண்ணியை ஊற்றி, முழுங்குகிறார்களா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே. கேள்விப்பட்டேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. அதைச் சாக்கு வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இருமினேன்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கே, அண்ணே. மருந்து தாரேன், நாலு நாள் விடாம குடிங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுக நல்ல பொண்ணு. எம்மேல என்ன கோபம்னு தெரியல, கர்த்தர் இப்படி வச்சிட்டாரு. நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்.

என்ன கோபம் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அக்கா. கோபம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தவன் எதிரே நிற்கிறேன். மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இனி உனக்கு நான் என்ன புத்தி சொல்ல?

பரமானந்தம்

---

பிரிக்பீல்ட்ஸ்,
11 அக்டோபர் 1926

தம்பி,

நாசரேத்திலிருந்து பதில் வந்துவிட்டது. உன் அத்தான் போதகர் சொல்லக் கேட்டு வந்து எனக்குச் சொன்னார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது.

அங்கே சபைப் பதிவில் தங்கையா என்ற பெயரில் ஒன்பது பேர் இருக்கிறார்களாம். அதில் ஒருவன் மலாயாவுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, பெண்சாதி தாய்வீட்டில் இருக்கிறாள். தகப்பன் பெயரை எழுதாததால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். போதகர் விசாரணையை முடித்துவிட்டார். "அது வேற தங்கையா ஐயா, அவன் பேராக்குல இருக்கான்" என்று இவன் கெஞ்சினானாம். யார் நம்புவார்கள்?

ஆக நான் இட்டுக்கட்டின பொய்க்கு நாசரேத்துச் சபையே முத்திரை போட்டுவிட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எட்டு வாரமாக இந்தப் பதிலுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். வந்ததும் நிம்மதியாகும் என்றிருந்தேன். ஆகவில்லை, தம்பி. முன்பு பயந்தேன், அவ்வளவுதான். இப்போது பயப்படக் காரணம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. பராபரன் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட்டுவிட்டாரே என்று இருக்கிறது.

இரண்டு மாதமாக இராப்போஜன நாளில் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்கிறேன். உன் அத்தான் நெற்றிக்குச் சுக்கு அரைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுக்கு எரிகிற எரிச்சலை நீ கேட்காதே.

அட்வெந்து நோன்புக்காலம் தொடங்குவதற்குள் கலியாணத்தை முடிக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் நிற்கிறார். உனக்கும் சுகிர்தத்துக்கும் 24, 31, நவம்பர் 7 மூன்று ஞாயிறும் ஓலை. உன் அத்தான்தான் வாசிப்பார்கள். என்ன செய்யலாம் என்று எழுது. இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

அக்கா

---

கிள்ளான்,
18 அக்டோபர் 1926

அன்புள்ள அக்கா,

மிகவும் யோசித்து எழுதுகிறேன். ஓலையை வாசிக்கட்டும்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. இப்போது நாம் வாய் திறந்தால் யாருக்கு நன்மை? அத்தானுக்கு வேலை போகும், சுகிர்தத்தின் பெயர் மறுபடியும் சந்தி சிரிக்கும். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணுக்கு யார் வருவார்கள்? கலியாணம் முடியட்டும். ஒரு வருஷம் கழித்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து போதகரிடம் போகலாம். தங்கையாவுக்கு நானே ஒரு நல்ல பெண் பார்த்து முடித்து வைக்கிறேன். இது நான் ஆண்டவரிடம் செய்த பொருத்தனை.

அதுவும் தவிர, அக்கா, அந்தத் தங்கையா இவர்தானோ என்னமோ. நமக்கு என்ன தெரியும்? நீ பொய் என்று நினைத்து எழுதினது மெய்யாகவே இருந்திருக்கலாம். நாசரேத்துக்காரர்களே சொல்கிறார்களே.

ஆகஸ்டில் உனக்கு நான் எழுதிய கடிதத்தை மறந்துவிடு. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கைவிட்டுவிடாதே. ஒரு மூன்று ஞாயிறு மட்டும் பேசாமல் இரு.

உன் பிள்ளை பரமானந்தம்

---

பிரிக்பீல்ட்ஸ்,
8 நவம்பர் 1926, திங்கள்

தம்பி,

நேற்று என்ன நடந்தது என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். என் வாயாலும் கேட்டுவிடு.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு பேசாமல்தான் இருந்தேன். பிள்ளை கெஞ்சிக் கேட்டால் கொடுத்துத்தானே பழக்கம். ஆனால் அதில், 'நீ பொய் என்று நினைத்து எழுதினது மெய்யாக இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி. அது என் தம்பி எழுதின வரி இல்லை. நான் வளர்த்த பிள்ளையை நானே இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். இல்லை. நீ கலியாணம் முடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருப்பாய் என்று எனக்கு ஆசை. உன் ஆசைக்குள்ளே என் ஆசையை ஒளித்து வைத்திருந்தேன். அந்த ஆசையை முதலில் அவர் காலடியில் போட்டேன், பிறகுதான் எழுந்திருக்கத் தெம்பு வந்தது.

உன் அத்தான் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன். உன் அத்தான் எனக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள், "ஞானம், என்ன செய்யுது?" என்று அங்கிருந்தே கேட்டார்கள். கோவிலில் அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தடை இருக்கு" என்றேன். "பையில கெடந்த காகிதம் நான் எழுதினது. இடது கையால எழுதினேன். தங்கையாவுக்குப் பொண்டாட்டி கெடையாது. அந்தப் பொய்யிலதான் இந்த ஓலை நிக்குது."

உன் அத்தான் ஓலையை மடித்தார்கள், மேசையில் வைத்தார்கள், இறங்கி நடந்து பெண்கள் பக்கம் வந்து என் அருகில் நின்றார்கள். போதகர், "உபதேசியார் உங்க இடத்துக்குப் போங்க" என்றார். "இதுதாங்கய்யா என் இடம்" என்றார்கள். முப்பது வருஷத்தில் அவர்கள் யாரையாவது எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. "ஒன் தம்பிக்கு இது தெரியுமா?" என்று போதகர் கேட்டார். "அவனையே கேளுங்க" என்றுவிட்டேன். என் பாவத்தை நான் சொல்லியாயிற்று. உன்னுடையதை என்னால் சொல்ல முடியாது.

அக்கா

---

கிள்ளான்,
10 நவம்பர் 1926

அக்கா,

மூன்று ஞாயிறு கேட்டேன். இரண்டு கொடுத்துவிட்டு மூன்றாவதில் கழுத்தை அறுத்தாய். உனக்குப் பாவமன்னிப்புக் கிடைத்துவிட்டது, அத்தானும் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு என்ன இருக்கிறது? நேற்று முழுவதும் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

இன்று போதகருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். தெரியும், ஆகஸ்டு மாதத்திலிருந்தே தெரியும், தெரிந்தேதான் ஓலைக்குப் பெயர் கொடுத்தேன் என்று எழுதினேன். ஆசீர்வாதம் ஐயாவுக்கும் அதையே எழுதினேன்.

இதற்காக என்னை மெச்சிக்கொள்ளாதே. தபால் பெட்டியில் போடும்போது மனசு என்ன சொன்னது தெரியுமா? உண்மையைச் சொன்னவன் என்று சுகிர்தம் ஒருவேளை என்னையே வேண்டும் என்பாள் என்று சொன்னது. மனந்திரும்புகிறபோதும் ஒரு கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டுதான் திரும்புகிறேன். அவள் ஏதாவது சொன்னாளா? எழுது.

பரமானந்தம்

---

செந்தூல்,
16 நவம்பர் 1926

தம்பி,

விலாசம் மாறியிருப்பதைப் பார். சபை வீட்டைக் காலி செய்துவிட்டோம். நல்லம்மாள் என்று ஒரு புண்ணியவதி பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். உபதேசியார் வேலை போய்விட்டது, உன் அத்தானுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற வேலை மட்டும் மிஞ்சியது. ஈஸ்டர்வரை எனக்கு இராப்போஜனம் இல்லை. தலைவலி என்று பொய் சொல்லாமல் வீட்டில் இருப்பது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது. சாப்பாடு உள்ளே இறங்குகிறது. உன் அத்தான் கோபப்பட்டார்களா என்று கேட்பாய். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "சுக்கு அரைக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே" என்றார்கள்.

சுகிர்தத்தின் வீட்டுக்குப் போனேன். ஆசீர்வாதம் கதவைத் திறந்துவிட்டுத் தாம் வெளியே போய்விட்டார். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு தடவ என் பேர வாசிச்சாங்க. ரெண்டு தடவயும் நீங்கதான் நிறுத்துனீங்க. இப்ப நீங்க பராபரன்கிட்ட சொல்லியாச்சு, போதகர்கிட்ட சொல்லியாச்சு. என்ன யாரும் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

கேட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒங்க தம்பிக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

ஆகஸ்டு என்றேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு அந்தக் கேரித் தீவுக்காரர்தான் வேணும். எங்கப்பா பேசுன பேச்சுக்கு அவரு இனி இந்த வாசல்ல கால் வைக்க மாட்டாரு. ஒங்க தம்பியப் போகச் சொல்லுங்க. அவரே போய்க் கூட்டிட்டு வரட்டும்."

உன்மேல் அவளுக்குக் கொஞ்சம்கூட ஆசை இல்லை, தம்பி. இருந்தது என்று நான்தான் உனக்கு ஊதிவிட்டேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

போவதும் போகாததும் உன்னிஷ்டம். நான் இனிமேல் உன்னைத் தள்ளமாட்டேன்.

அக்கா

---

கிள்ளான்,
22 நவம்பர் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நாள் சாப்பிடவில்லை. மறுநாள் உன்மேலும் அவள்மேலும் ஆண்டவர்மேலும் கோபப்பட்டேன். அதற்கு அடுத்த நாள் கோபப்படவும் தெம்பில்லை. முழங்காலில் நின்று, 'தாரும்' என்று தொடங்கினேன். இரண்டு வருஷப் பழக்கம், வேறு சொல் வராது. அங்கேயே நிறுத்திக்கொண்டு, 'எடுத்துக்கொள்ளும்' என்றேன். சொன்னதும் ஒரு சமாதானம் வந்து இறங்கும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. வலித்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சம்பான் பிடிக்கப் போனேன்.

தங்கையா ஆஸ்பத்திரிக் கொட்டகையின் பின்னால் புட்டிகளை வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தார். கோவிலில் நீ சொன்னது அவர் காதுக்கு வந்திருக்கிறது. என் பங்கு வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஆகஸ்டிலேயே தெரியும் என்றேன். செப்டம்பரில் இதே இடத்துக்கு வந்து இருமிவிட்டுப் போனேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மிச்சம் இருந்த புட்டிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"சுகிர்தம் உங்களைக் கூட்டி வரச் சொன்னாங்க. நான்தான் கூட்டி வரணும்னு சொன்னாங்க" என்றேன்.

"அவுகளா சொன்னாக?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "அண்ணே, ஒண்ணு கேக்கேன், பொய் சொல்லாதீக. நீங்க அவுகள விட்டாச்சா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். இத்தனை பொய்க்கு மேல் இன்னொன்று சொல்ல முடியவில்லை.

"இல்ல தம்பி. விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். "காலைல விடுறேன், மத்தியானத்துக்குள்ள திரும்ப வந்துருது. மறுபடி விடுறேன்."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே, போவோம்" என்றார்.

தம்பி பரமானந்தம்